95 அடிச்சா மலை குனியுமா?

வாடா பேராண்டி, இப்புடி ஓரமா உக்காரு. தெரணியகலை டவுன்ல ஆட்டோவ பெற்றோல் செட்டுக்குள்ள விட்டு, "95 அடி"ன்னு தொர கொரல்ல சொன்னியாமே? நீ வீட்டுக்கு வந்து சேர முன்னுக்கே சேதி லயத்துக்கு வந்துருச்சு. லீசிங் இன்னும் பாதி கெடக்கு. பின் டயரு ரெண்டும் மொட்டை. பிரேக் புடிச்சா பக்கத்துத் தோட்டத்துல நாய் கொரைக்குது. அந்த வண்டிக்கு 95 கேக்குதாக்கும்?

கோவிச்சுக்காத. கெழவன் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. 95 அடிச்சா என்னா நடக்கும்னு நெனச்ச? மாலிபொட ஏத்தம் "அடடா, 95 வருது"ன்னு கொஞ்சம் குனிஞ்சு குடுக்குமா? அவிசாவளை பஸ்ஸு ஒதுங்கி நின்னு வழி விடுமா? பின்னுக்கு ஏறின ஆச்சி பத்து ரூவா சேத்துத் தருமா?

நீ என்னா நெனச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும். நம்பர் பெருசு, வெலையும் பெருசு, அப்ப பலமும் பெருசாத்தானே இருக்கணும். இந்த நெனப்பு ஒனக்கு மட்டும் இல்ல, டை கட்டினவனுக்கும் இருக்கு. அமெரிக்காவுல 'ஏஏஏ'ன்னு வண்டிக்காரங்களுக்கு ஒரு பெரிய சங்கம். 2016ல அவங்க சோதிச்சுப் பாத்துச் சொன்னாங்க. சாதாரண பெற்றோல் போதும்னு செஞ்ச வண்டிக்கு வெல கூடினத ஊத்தி, அந்த நாட்டுச் சனம் ஒரே வருசத்துல 210 கோடி டாலருக்கு மேல வீணாக்கியிருக்கு. பலன்? இழுவையும் கூடல, பெற்றோலும் மிச்சமாகல, பொகையும் கொறையல. படிச்ச நாடுதானே? முட்டாத்தனத்துக்கு எந்த நாட்டுலயும் விசா கேக்க மாட்டாங்க போல.

சரி, இஞ்சினுக்குள்ள என்னா நடக்குதுன்னு யாராச்சும் ஒனக்குச் சொல்லித் தந்தாங்களா? வண்டி வித்தவன் சொல்லல. லீசிங்காரன் சொல்லவே மாட்டான். கேளு. இஞ்சின் காத்தையும் பெற்றோலையும் உள்ள இழுக்குது. பிஸ்டன் மேல வந்து அத அமுக்குது. அமுக்கினா சூடாகும். அந்த நேரம் பாத்து பிளக் பொறி போடுது. ஒரு ஓரத்துல புடிச்ச தீ ஒழுங்கா மறு ஓரத்துக்குப் பரவணும். பரவினா பிஸ்டன் பதமாக் கீழ போவும், சக்கரம் சுத்தும். ஆனா சில பெற்றோலுக்கு அது வரைக்கும் தாங்காது. தீ வந்து சேர முன்னுக்கே, அந்த ஓரத்துல கெடக்கறது அமுக்கமும் சூடும் பொறுக்காமத் தன்னால வெடிச்சிரும். அப்பதான் இஞ்சின் "டிங்கு டிங்கு"ன்னு தட்டுது. கராஜ் பாஸ்மாரு அத 'நொக்'குன்னுவாங்க. எப்பயாச்சும் ஒரு தட்டுத் தட்டினா பரவால்ல. விடாமத் தட்டினா பிஸ்டன் தலையில ஓட்டை விழும்.

அந்தக் காலத்துப் பெரட்டுக் களத்துல ரெண்டு வகை ஆளு நிப்பான். ஒருத்தன் கங்காணி பாதி வார்த்தை பேச முன்னுக்கே கத்திய விட்டெறிஞ்சிட்டு நடையக் கட்டிருவான். இன்னொருத்தன் எவ்வளவு ஏசினாலும் தலைய ஆட்டிக்கிட்டு நின்னு, பேரு போட்ட பொறகுதான் நகருவான். மலையில எறங்கினா ரெண்டு பேருக்கும் ஒரே பலந்தான். கொணந்தான் வேற. 92 பெற்றோலுக்கும் 95 பெற்றோலுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதாண்டா. அந்த நம்பருக்குப் பேரு ஆக்டேன். அது பலம் இல்ல, பொறுமை. அமுக்கினா எவ்வளவு தூரத்துக்குப் பொறுத்துக்கிட்டு இருக்கும்ங்கற அளவு. ஒரு லீட்டர் எரிஞ்சா வர்ற சூடு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான். இப்பச் சொல்லு, ஒன் ஆட்டோ இஞ்சின் என்னா அமுக்கு அமுக்குது? 92 பொறுக்க மாட்டாமக் கதறுற அளவுக்கா? அமுக்காத எடத்துல பொறுமைக்கு எதுக்குடா காசு?

இந்த நம்பர் எங்கருந்து வந்துச்சுன்னும் கேட்டுக்க. றப்பர் மலைக்காரனுக்கு இதுல ஒரு சிரிப்பு இருக்கு. 1926ல கிரஹாம் எட்கர்னு ஒரு அமெரிக்கக்காரரு இதுக்கு ஒரு அளவுகோல் செஞ்சாரு. ரெண்டு எண்ணெய எடுத்தாரு. ஒன்னு ஐசோ-ஆக்டேன், நல்லா அமுக்கினாலும் அசையாது. அதுக்கு 100. இன்னொன்னு ஹெப்டேன், லேசா அமுக்கினாலே தட்டும். அதுக்கு 0. அந்தப் பூச்சியத்த எங்கருந்து எடுத்தாங்க தெரியுமா? கலிபோர்னியாப் பக்கத்து மலையில நிக்கற ஜெப்ரி பைன் மரத்துப் பிசின வடிச்சு. நாம மரத்தக் கீறிப் பால் எடுத்து அவன் டயருக்கு அனுப்பினோம். அவன் மரத்துப் பிசின எடுத்து நம்ம பெற்றோலுக்கு மார்க் போட்டான். 92ன்னா என்னா? ஐசோ-ஆக்டேன் 92 பங்கும் ஹெப்டேன் 8 பங்கும் கலந்தா எந்த அமுக்கத்துல தட்டுமோ, அதே அமுக்கத்துலதான் இதுவும் தட்டும்னு அர்த்தம். அதச் சோதிக்க ஒத்த சிலிண்டர் இஞ்சின் ஒன்னு இருக்கு. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே அமுக்கத்தக் கூட்டலாம், கொறைக்கலாம். எங்க தட்டுதோ அங்க நம்பர். அந்த இஞ்சின் முன்னுக்கு யாரும் "இழுவை எப்புடி?"ன்னு கேக்கறதே இல்ல. பெற்றோலுக்கு வச்ச பரீட்சையே அது இல்லியே.

கனடாவுல இருக்கற ஒன் மச்சான் போன்ல "எங்க ஊர்ல 87 தான் அடிக்கறோம்"ன்னு சொன்னானாம். நீ ஒடனே "அய்யோ பாவம்"ன்னியாம். அவன் நாட்டுல ரெண்டு வித சோதனை எடுத்து, நடுவுல ஒரு கணக்கு எழுதறாங்க. நம்ம நாட்டுல ஒரு சோதனைக் கணக்க மட்டும் எழுதறாங்க. அவன் 87ம் நம்ம 92ம் ஏறத்தாழ ஒரே பெற்றோல். பாவப்படறதுக்கு முன்னுக்கு அளவுகோலப் பாக்கணும்டா.

ஆக்டேன ஏத்தறேன்னு மனுசன் ஆடின ஆட்டம் ஒனக்குத் தெரியாது. 1921ல, ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனியில தாமஸ் மிட்ஜ்லின்னு ஒருத்தரு. ஈயத்துல செஞ்ச ஒரு சரக்கக் கொஞ்சூண்டு பெற்றோல்ல விட்டா தட்டறது நின்னுபோவுதுன்னு கண்டுபுடிச்சாரு. ஈயம்னு சொன்னா சனம் பயப்புடுமே? அதுக்கு 'எதில்'னு ஒரு செல்லப் பேரு வச்சு வித்தாங்க. 1924ல அதச் செய்யற எடத்துல 5 தொழிலாளிங்க செத்தாங்க, இன்னும் பல பேரு புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. மிட்ஜ்லி என்னா செஞ்சாரு? பத்திரிகைக்காரங்களக் கூப்புட்டு, அந்தச் சரக்குலயே கையக் கழுவி, மூக்குல வச்சு மோந்து காட்டி, ஒன்னும் ஆகாதுன்னாரு. அதுக்கு முந்தின வருசந்தான் ஈய வெசம் ஏறி ஓய்வுல போயிருந்தாரு மனுசன். வேசத்துக்கும் ஒரு அளவு வேணாமா? நம்ம நாட்டுல அத நிப்பாட்ட 2002 ஆச்சு. ஒலகத்துல கடைசியா அல்ஜீரியா 2021ல நிப்பாட்டுச்சு. நூறு வருசம்டா. நூறு வருசமும் அத மோந்தது டவுன் சந்தியில நின்ன புள்ளைங்க.

அதனால பெற்றோலுக்குப் பெரிய பேரு வச்சா எனக்கு மொதல்ல மூக்கு அரிக்கும். 'சுப்பர்'ங்கறான், 'எக்ஸ்ட்ரா'ங்கறான், 'பிரீமியம்'ங்கறான். பலகை மாறுறதையும் நான் பாத்துட்டேன். முன்னுக்கு ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ. 1961ல பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வந்துச்சு, பொறகு அந்தக் கம்பெனி சொத்துங்கள அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அந்தக் கோவத்துல அமெரிக்கா 1963ல உதவியவே நிப்பாட்டுச்சு. 1969ல சபுகஸ்கந்தையில எண்ணெ சுத்திகரிக்கற ஆலை. 2003ல இந்தியன் ஒயில் வந்தான். 2023ல சீனாக்காரன் சினோபெக் வந்தான். வரட்டும். பலகைக்குப் பெயிண்ட் அடிச்சா ஒன் பிஸ்டன் கூடுதலா அமுக்குமா?

நீ இப்ப ஒன்னு கேக்கணும். கேக்க மாட்டேங்கற, நானே சொல்றேன். "தாத்தா, என் வண்டிக்கு எது வேணும்னு யாரு சொல்றது?" செட்டுப் பையனா? பக்கத்து லயத்து சோக்குக்காரனா? யூடியூப்ல கருப்புக் கண்ணாடி போட்டவனா? செஞ்சவன் சொல்லியிருக்கான்டா. வண்டியோட ஒரு பொத்தகம் குடுத்தாங்களே, அத எங்க வச்ச? சீட்டுக்கடியில நனஞ்சு ஒட்டிக் கெடக்கும். காரா இருந்தா பெற்றோல் மூடிக்கு உள்பக்கம் எழுதியே வச்சிருப்பான். அந்த மூடியத் தெனமும் தொறக்கறவன் எத்தன பேரு அதப் படிச்சிருக்கான்?

ஒன் ஆட்டோ எங்க பொறந்துச்சு? இந்தியாவுல. அங்க சாதாரண பெற்றோல் ரொம்பக் காலமா 91ஆ இருந்துச்சு. அந்த 91அ ஊத்தி ஓட்டறதுக்குன்னே பஜாஜ்காரன் இஞ்சின் செஞ்சான். நீ அடிக்கற 92 அதுக்கே ஒரு படி மேல. பல்சருக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் ஆல்ட்டோவுக்கும் அதே சாதகந்தான். ஜப்பான்காரனப் பாரு. அங்க 'ரெகுலர்'னு பேரு போட்டு விக்க 89 இருந்தாலே போதும். வெல கூடினதுக்கு 96. வேகன் ஆர், விட்ஸ், அக்குவா, பிரியஸ் எல்லாம் அங்க அந்த ரெகுலரக் குடிச்சு வளந்ததுங்க. கப்பல்ல ஏறி அம்பாந்தோட்டையில எறங்கின ஒடன அதுகளுக்கு நாக்கு நீண்டுருமா?

டவுன்ல ஒரு மாஸ்டர் இருக்காரு, பேரு வேணாம். வேகன் ஆருக்கு 95 தவிர வேற அடிக்க மாட்டாரு. டயருக்குக் காத்து அடிக்க மட்டும், ஓசியில அடிக்கற எடத்தத் தேடி அடுத்த சந்தி வரைக்கும் போவாரு. புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறதும் அவருதான்.

அரைகுறையா வெளங்கினவன்தான் ரொம்ப ஆபத்து. அவன் வந்து, "பிரியஸ் இஞ்சின் 13க்கு 1 அமுக்குது, அப்ப 95 கட்டாயம்"னுவான். காகிதத்துல 13 உண்மைதான். ஆனா அந்த இஞ்சின் வால்வப் பிந்தி மூடுது. இழுத்த காத்துல ஒரு பங்கத் திருப்பி விட்டுட்டு மிச்சத்தத்தான் அமுக்குது. அதனால ரெகுலரே அதுக்குப் போதும். நம்பர் ஒன்ன மட்டும் புடிச்சுக்கிட்டு ஆடினா இப்புடித்தான். தொரமாரு ஓட்டின மொரிஸ் மைனர் அமுக்கினது 8க்குப் பக்கத்துல. அந்த வண்டியில எறங்கினவங்க ஆட்டம் மட்டும் 13க்கு மேல இருந்துச்சு.

அப்ப 95 யாருக்குத்தான்? இருக்கு, மறைக்க மாட்டேன். ஐரோப்பாவுல 95 தான் சாதாரணம், ஜெர்மன்காரன் பல வண்டிய அதுக்குத்தான் செய்யறான். பென்ஸ், பிஎம்டபிள்யூ வச்சிருக்கற மொதலாளி மூடியில 95ன்னு இருந்தா 95 அடிக்கட்டும். டர்போ வச்சு காத்தத் திணிக்கற இஞ்சின் பலதுக்கு வேணும், எல்லாத்துக்கும் இல்ல. டொயோட்டா ரைஸ் டர்போதான், ஜப்பான்ல அது ரெகுலர்தான் குடிக்குது. 1940ல இங்கிலாந்துக்காரன் சண்டை விமானத்துக்கு 100 ஊத்தினான், ஏன்னா அந்த இஞ்சின் காத்த அப்புடித் திணிச்சுது. அவன் உசுருக்குப் பறந்தான். நீ கொழுந்துக்காரிங்கள சந்தைக்கு ஏத்திக்கிட்டுப் போற.

மூடியில 'கட்டாயம்'னு போட்டிருக்கா, 'நல்லது'ன்னு போட்டிருக்காங்கறதையும் பாக்கணும். புது வண்டிங்கள்ல தட்டுறத கேக்கறதுக்கு ஒரு காது வச்சிருக்கான். தட்டினா கம்பியூட்டரு பொறியக் கொஞ்சம் பிந்திப் போடும், இஞ்சின் பொழைச்சுக்கும், இழுவை கொஞ்சம் கொறையும். 'நல்லது'ன்னு போட்டவனுக்கு 92 அடிச்சா அவ்வளவுதான் நட்டம். 'கட்டாயம்'னு போட்டவன் மிச்சம் புடிக்கறேன்னு 92 அடிச்சா, அவன் பின்னுக்கு இஞ்சினுக்குக் கட்டுவான். கஞ்சத்தனத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரல.

இன்னொன்னும் நாயமாச் சொல்லிர்றேன். கூட்டுத்தாபனம் விக்கற 95 யூரோ 4 தரம், கந்தகம் கம்மி. வெளிய போற காத்துக்கு அது நல்லது. ஊருக் காத்து நல்லாருக்கணும்னு நீ 95 அடிச்சா நான் எந்திரிச்சு நின்னு கும்புடுவேன். ஆனா ஏர் ஃபில்டரத் தட்டி எத்தன மாசம்? அதச் செய்யாம, காத்துக்காக 95 அடிச்சேன்னா, நான் உக்காந்தே இருக்கேன்.

நீ இப்ப வாயத் தொறப்பேன்னு தெரியும். "ஏத்தத்துல தட்டுது தாத்தா, அதான் 95." ஆங், இப்ப வந்தியா வழிக்கு! எந்த கியர்ல ஏறின? மூனு பேரு பின்னுக்கு, அரிசி மூட்ட ஒன்னு, காலுக்கடியில கேஸ் சிலிண்டர். கியர எறக்கினா கௌரவம் கொறையும்னு மூனாவதுலயே முக்கிக்கிட்டு ஏறுற. இஞ்சின் மெதுவாச் சுத்துது, பாரம் முழுசாத் தலையில. தட்டாம என்னா செய்யும்? தாலாட்டுப் பாடுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கியர ஒன்னு எறக்குடா. நீ கியர எறக்கினதப் பாத்து யாரும் ஊர்ல கத பேச மாட்டாங்க.

எறக்கியும் தட்டுதா? அப்பவும் செட்டுக்கு ஓடாத, கராஜுக்குப் போ. பிஸ்டன் தலையில கரி புடிச்சிருக்கும். கரி புடிச்சா எடம் சுருங்குது, அமுக்கம் கூடுது, கரியே தணலா நின்னு பத்தவும் வைக்குது. டைமிங் முந்திப் போயிருக்கும். பிளக் வேற நம்பரா இருக்கும், மலிவாக் கெடச்சதப் போட்டிருப்ப. இஞ்சின் சூடு தணியாம ஓடியிருக்கும். இதுல எதையும் பாக்காம 95 அடிச்சா தட்டறது கொஞ்சம் அமுங்கும். நோவு போவாது, சத்தந்தான் போவும். பாஸ்கிட்ட போனா ஒரு தடவ காசு. செட்டுக்குப் போனா தெனமும் காசு.

ஒசர மலைக்கு ஒசந்த பெற்றோல்னு ஒரு பய சொன்னானாம். அதுவும் தலகீழ். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம். அங்க காத்து மெலிசு. மெலிசுக் காத்த அமுக்கினா அமுக்கமும் மெலிசு, அதனால டர்போ இல்லாத இஞ்சினுக்கு அங்க ஆக்டேன் கொறைவாவே போதும். அமெரிக்காவுல ஒசர மலை நாட்டுப் பக்கம் 87க்குப் பதிலா 85 விக்கறானே, எதுக்கு? நம்ம ஊரு அவ்வளவு ஒசரம் இல்ல. மழைதான் ஒசரம். மழையில வழுக்கறதுக்கு எந்த ஆக்டேனும் மருந்து இல்ல.

மண்ணெண்ணெய் வெளையாட்டும் தெரியும் எனக்கு. முகத்த அந்தப் பக்கம் திருப்பாத. மானியத்துல லீட்டர் 87 ரூவாயா இருந்த காலத்துல எத்தன பேரு ராத்திரியில கலந்தானுங்க! மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் ரொம்பக் கீழ. கொஞ்சம் கலந்தாலே மொத்தச் சரக்கும் பொறுமையிழந்துரும். தட்டும், பொகைக்கும், கரி புடிக்கும். பகல்ல 95 அடிச்சுப் பவுசு காட்டிட்டு, ராத்திரி மண்ணெண்ணெய் கலந்தவனையும் நான் பாத்திருக்கேன். 95ம் மண்ணெண்ணெயும் சேந்து எந்த நம்பராச்சோ, அவன் இஞ்சினுக்குத்தான் தெரியும். 2022 ஆகஸ்ட்ல வெலைய ஒரே அடியா 340க்கு ஏத்தினாங்க. அந்த வெளையாட்டும் அதோட அடங்குச்சு. வெளக்குக்கும் அடுப்புக்கும் அத நம்பியிருந்த லயத்துக் குடும்பந்தான் கஷ்டப்பட்டுச்சு, அது வேற கத.

2022அ அதுக்குள்ள மறந்துட்டியே! அதுதான் எனக்கு ஆச்சரியம். 2021 டிசம்பர்ல 92 ஒரு லீட்டர் 177 ரூவா. 2022 ஏப்ரல் 19ஆந் தேதி 338. அன்னிக்குத்தான் நம்ம கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில சனம் வழிய மறிச்சுது, பொலிஸ் சுட்டு ஒரு மனுசன் செத்தாரு. அதப் பத்தி நான் பகடி பேச மாட்டேன். மே மாசம் 420. ஜூன் கடைசியில 470. 95 வேணும்னா 550. அப்பத் தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு 1000 ரூவா. ஒங்க அம்மா முழு நாளு மலையில நின்னு கொழுந்து எடுத்தா 92 ரெண்டு லீட்டர் வாங்கலாம், கையில 60 ரூவா மிஞ்சும். 95ன்னா ரெண்டு லீட்டருக்கே 100 ரூவா கடன். இந்தக் கணக்கு ஒனக்குப் புரியும், ஏன்னா அந்தக் காசுலதான் நீ வளந்த.

அப்பறம் என்னா ஆச்சு? ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவைக்கு மட்டுந்தான் பெற்றோல்னாங்க. வெலை இருந்துச்சு, பெற்றோல் இல்ல. பொறகு கியூஆர் பங்கீடு வந்துச்சு. ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர், பைக்குக்கு 4. ராவும் பகலும் வரிசையில படுத்துக் கெடந்தாங்க நம்ம பசங்க. அந்த வரிசையில எவனாச்சும் "என் வண்டி 92 குடிக்காது"ன்னு சொன்னானா? எது வந்தாலும் போதும், மூனு சக்கரமும் உருண்டா போதும்னு நின்னானுங்க. அப்ப ஒழுங்காக் குடிச்ச வண்டிக்கு இப்ப வாய் கசக்குதா? கசக்கறது வண்டிக்கா, ஒனக்கா?

இப்ப வெலை மாசத்துக்கு மாசம் மாறுது. ரெண்டுக்கும் எடயில உள்ள எடவெளி கூடும், கொறையும், இல்லாமப் போறதில்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாங்க. சீத்தாவாக்க ஆத்துல போட்டா மீனாச்சும் பாக்கும். நீ போடறது பொகையாப் போவுது.

சரி, மொகத்தத் தொங்கப் போடாத. டேங்குல இருக்கற 95அ என்னா செய்யறதுன்னு கேக்கறியா? குழாய விட்டு வாயால உறிஞ்சி எடுக்கப் போயிறாத, கூறு கெட்டவனே, அது வெசம். அது ஒன் இஞ்சின ஒன்னும் கெடுக்காது. ஓட்டித் தீரு. பாதி தீந்ததும் மேல 92 அடி. ரெண்டையும் கலந்தா இஞ்சின் வெடிச்சிரும்னு ஒரு பய சொல்லுவான். ரெண்டும் பெற்றோல்தானே, உள்ள போயி என்னா சண்டையா போடப் போவுது? பாதிக்குப் பாதி சேந்தா 93.5 பக்கம் நிக்கும். அந்த நம்பர் இந்த நாட்டுல எந்த செட்டுலயும் கெடைக்காது. வேணும்னா ஸ்டிக்கர் அடிச்சுப் பின் கண்ணாடியில ஒட்டிக்க.